ஏழாம் குடும்பம்

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் வெயில் கொளுத்திவிட்டது. சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. மஞ்சக்குப்பம் ஆபீஸ் மாடிப்படியில் கீழ்க்கடை ஜெராக்ஸ்காரரின் பேப்பர் கட்டுகள், தாண்டித்தான் ஏற வேண்டும். மூன்று முறை சொல்லியாகிவிட்டது. சிரிக்கிறார்.

இன்று முடித்தது:
– முகவரிகளுக்கு எண். முப்பத்துச் சொச்சம் எழுத்துள்ள கிரிப்டோ காயின் முகவரியை (பாங்க் கணக்கு எண் மாதிரி) அப்படியே எங்கும் வைக்கக்கூடாது. வந்த வரிசையில் 1, 2, 3.
– 'போனது' ஃபைல். 'வந்தது' ஃபைல். ஒரு முகவரியின் பரிமாற்றங்கள் எல்லாம் பக்கம் பக்கமாக, தேதி வரிசையில்.
– கடையில் கிடைக்கிற டேட்டாபேஸ் எதுவும் வேண்டாம் என்று முடிவு. வாடகை சர்வர் தாங்காது. நமக்கு வேண்டியதும் ஒரே கேள்விதான்: இங்கிருந்து எங்கே போனது, அங்கிருந்து எங்கே. அதற்கு மட்டும் நாமே கட்டிக்கொள்ளலாம்.

வக்கீல் தமிழரசி மேடம் போன். காயின் திட்டத்தில் ஏமாந்த கீரப்பாளையம், லால்பேட்டை, முதுநகர் ஆட்கள் எல்லோருக்கும் அவர்தான் வக்கீல். திட்டத்தை ஆரம்பித்தவன் மே மாதமே போனை அணைத்துவிட்டு ஓடிவிட்டான். பணம் எந்தெந்த முகவரி வழியாகப் போனது, அவனுக்குக் கையாள் யார் யார், இந்தப் பட்டியல் 23ஆம் தேதி வேண்டும். போலீசில் கொடுப்பார்.

"பேரு தெரிஞ்சா பேரோட குடுங்க சார். தெரியலன்னா அட்ரஸ் மட்டும் போதும். கூப்ட்டு விசாரிக்கறது அவுங்க வேலை."

எங்கள் சாஃப்ட்வேர் ஆபீசில் நானும் மச்சான் ராபினும் மட்டும். மனைவி ஷீலாவின் தம்பி என்பதால் சேர்த்துக்கொண்டேன் என்று ஊரில் பேச்சு. இல்லை. என்னைவிட நன்றாக கோட் எழுதுவான். இதை அவனிடம் சொன்னதில்லை.

செப்டம்பர் 10, புதன்

மதியம் கரண்ட் இல்லை, இரண்டு மணி நேரம். விசிறிக்கு ஒரு அட்டை.

குடும்ப அட்டவணை முடிந்தது. ஒரே பரிமாற்றத்தில் நாலு முகவரிப் பணம் சேர்ந்து போனால் நாலுக்கும் சாவி, அதாவது கையெழுத்துப் போட உதவும் பன்னிரண்டு ரகசிய வார்த்தைகள், வேண்டும். நாலு சாவியும் ஒருவன் கையில் இருக்கிறது. ஆகவே நாலும் ஒரே ஆள். படித்த கட்டுரைகளில் எல்லாம் இதே விதி. நான் 'குடும்பம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு குடும்பத் தலைவர் எண். இரண்டு குடும்பங்கள் சேர வேண்டுமென்றால் ஒரு தலைவரை இன்னொரு தலைவருக்குக் கீழே போட்டால் போதும். கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது. அழகாக இருக்கிறது, சந்தோஷம்.

ரா. மட்டும், "சேத்ததைப் பிரிக்கணும்னா என்னா பண்றது மாமா?" என்றான்.

"எதுக்குடா பிரிக்கணும்?"

"தப்பா சேந்துட்டா?"

"கையெழுத்து போட்டிருக்கான். அதுல என்ன தப்பு வரும்?"

தோளைக் குலுக்கினான். இவனுக்கு எப்போதும் ஒரு ஆனால்.

செப்டம்பர் 12, வெள்ளி

மேகமூட்டம். புழுக்கம்.

எழுதவே கூடாது என்று நினைத்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

சோதனைக்கு என் முகவரியையே போட்டேன். எனக்கு விடை தெரிந்த ஒரே முகவரி அதுதான். டிசம்பரில் பழகிப் பார்ப்பதற்காக ரா. அவன் கணக்கிலிருந்து எனக்குத் துளி காயின் அனுப்பினான். அது ஒன்றுதான் என் வாழ்நாள் பரிமாற்றம். ஆக எனக்குப் பக்கத்தில் அவன். சரி. அவனுக்குப் பக்கத்தில் என்ன என்று ஒரு தட்டு தட்டினேன்.

திட்டத்தின் தலைமை முகவரி.

இரண்டே தாவலில் நான் திருடன் வீட்டு வாசலில்.

இன்னும் இருக்கிறது. ரா. முகவரி தனியாக இல்லை. ஏழாம் குடும்பம் என்று நம் அட்டவணை போட்டிருக்கிறது. மொத்தம் பதினொரு முகவரிகள். பதினொன்றும் ஒன்றாகக் கையெழுத்திட்டுத் தலைமைக்கு அனுப்பியிருக்கின்றன. தலைமையிடமிருந்து வாராவாரம் திங்கட்கிழமை பதினொன்றுக்கும் திரும்பி வந்திருக்கிறது. வசூல் பண்ணி அனுப்பி, வாரம் ஒருமுறை கமிஷன் வாங்குகிறவன் இப்படித்தான் இருப்பான்.

மூன்று முறை ஓட்டினேன். அதே விடை.

எதிரில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். "என்னா மாமா, ஃபேனுக்குக் கீழயே இருந்தும் இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல. சுகர் பாக்கணும்" என்று லேப்டாப்பை மூடினேன்.

செப்டம்பர் 13, சனி

வீட்டில். ரா. பற்றித் தெரிந்தவை:
1. பைக்கை ஜூனில் விற்றுவிட்டான். கேட்டதற்கு மைலேஜ் இல்லை என்றான். நல்ல பைக்.
2. போன் வந்தால் எழுந்து மாடிப்படிக்குப் போகிறான்.
3. பாஸ்போர்ட் புதுப்பித்திருக்கிறான். மாமியார் வாய் தவறிச் சொன்னது.
4. இந்த வேலையை எடுக்கலாம் என்று பிடிவாதம் பிடித்ததே அவன்தான். எவ்வளவு தூரம் கண்டுபிடிப்போம் என்று பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளவா?
5. இந்த வருஷம் சம்பளம் கூட்டிக் கேட்கவில்லை. யாராவது கேட்காமல் இருப்பார்களா?

அப்பா போனபோது மூன்று நாள் என்னைவிட்டு நகராமல் இருந்தான். டீ வாங்கிக் கொடுத்து, செருப்பை எடுத்து வைத்து. இதை எந்த நம்பரில் போடுவது என்று தெரியவில்லை.

வாங்க: காலிஃபிளவர், துணி சோப்பு, ஷீ.க்கு சிவப்பு பேனா மூன்று.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாதா கோயிலில் கூட்டம். பின்வரிசையில் இரண்டு பெண்கள், பிரசங்கம் நடக்கும்போதே:

"அந்தக் காயின்ல எங்க சின்னவரும் போட்டாராம். இப்பதான் வாயத் தொறக்கறாரு."

"வெளிய சொன்னா வெக்கம்னு எத்தினி பேரு முழுங்கிட்டு இருக்காங்களோ."

ரா. தூணோரம் நின்றான். நற்கருணை வாங்க வரிசையில் வரவில்லை. சின்ன வயதிலிருந்து ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை என்று ஷீ. பெருமையாகச் சொல்வாள். மனசில் ஒன்று உறுத்தாமல் ஏன் நிற்பான்? அவனையே பார்த்துக்கொண்டிருந்ததில் நானும் போகவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மழை, அரை மணி. கெடிலம் பாலத்தில் பஸ் நகரவே இல்லை.

நேற்று ரா. லீவு. பல் டாக்டர் என்றான். இன்று கன்னத்தில் வீக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை, முறுக்கைக் கடித்துத் தின்கிறான்.

உற்சாகமாக வேறு இருந்தான். "அடிக்கடி கேக்கற அட்ரஸையெல்லாம் மெமரியிலயே வெச்சிடலாம் மாமா. எத்தினி வாட்டி கேட்டோம்னு எண்ணிட்டே வரும். ஜாஸ்தி கேட்டது முதல்ல. தேடறது பறக்கும்."

சரி என்றேன். காதில் பாதிதான் விழுந்தது. நாற்காலியில் தொங்கிய அவன் பையில் ஒரு பஸ் டிக்கெட் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கை கழுவப் போனபோது எடுத்துப் பார்த்தேன். லால்பேட்டை. நேற்றைய தேதி.

ஏமாந்தவர்களில் பாதிப் பேர் லால்பேட்டை. வாயை அடைக்கப் போனானா? கணக்கு முடிக்கப் போனானா?

அடுத்தவன் பையில் கைவிட்டது வாழ்க்கையில் முதல் முறை. கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

ஷீ.யிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

கீரப்பாளையம் பள்ளிக்கூடத்துக் காலாண்டுப் பேப்பர்களைப் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள். முடித்த பிறகும் இரண்டு பேப்பர் திருத்தினாள்.

"அவன்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா உஷாராயிடுவான்."

"உஷாராயிடுவானா! யாரைப் பத்திங்க பேசறீங்க? அவன் என் தம்பி."

"ஷீலா, மெஷின் சொல்லுது..."

"மெஷின் சொல்லுதாம். அத எழுதினது யாரு? நீங்கதான? கேக்கறதுன்னா அவன்கிட்ட நேரா கேளுங்க. இல்லன்னா என்கிட்ட இதப் பேசாதீங்க."

பேப்பர்களை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருந்தது. நான் மட்டும் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

வெயில்.

பட்டியல் தயார். இருபத்து மூன்று வரி. இருபத்து நாலாவதாக ஏழாம் குடும்பம், பெயர்: ராபின். எழுதினேன். அழித்தேன். எழுதினேன். அழித்தேன்.

கொடுத்தால், அவனைப் போலீஸ் கூப்பிடும். ஷீ. முகத்தில் அதன் பிறகு விழிக்க முடியாது. கொடுக்காவிட்டால், மச்சான் என்பதற்காக மறைத்தவன் நான். வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் ஓய்வுபெற்ற ஒரு கண்டக்டரைப் பார்த்தேன், ரசீதுகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

இன்றும் கேட்கவில்லை. இரண்டு முறை வாய் வரை வந்தது. ஒருமுறை அவன் போனில் இருந்தான். இன்னொரு முறை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

தற்காலிகமாக அந்த முகவரிமேல் குறிப்பு மட்டும் போட்டு வைத்தேன்: 'ரா.?'

செப்டம்பர் 22, திங்கள்

நாளைக்கு மேடம் நேரில் வருகிறார். ஒத்திகை பார்த்தோம். நாலு தாவல் வரை தேநீர் ஆறுவதற்குள் வருகிறது. கடைச்சரக்கு டேட்டாபேஸ் இதே கேள்விக்கு மூச்சு வாங்கியது. இதைக் கொண்டாட வேண்டிய நாள்.

ரா.: "முதல் பக்கம் காலியா இருக்குது மாமா. நான் ஒண்ணு போட்டு வெக்கறேன். நாளைக்குப் பாருங்க."

பட்டியலை இரண்டு விதமாக அச்சடித்துப் பைக்குள் வைத்திருக்கிறேன். ஒன்றில் பெயர் இருக்கிறது. ஒன்றில் இல்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

வானம் என்ன நிறம் என்று பார்க்கவில்லை.

மேடம் பதினொரு மணிக்கு வந்தார். காபி. ரா. புதுச் சட்டை. லேப்டாப்பை அவனே திருப்பி வைத்துத் திறந்தான். முதல் பக்கத்தில் அவன் செய்து வைத்திருந்த ஆச்சரியம்: 'அதிகம் தேடியவை'. நாங்கள் இருவரும் வீட்டிலிருந்தோ ஆபீசிலிருந்தோ இதுவரை தேடிய முகவரிகள், எத்தனை முறை, என்ன குறிப்பு; சர்வரிலிருந்து இருவருக்கும் ஒரே பக்கம். ஜாஸ்தி தேடியது மேலே.

முதல் வரி. 143 முறை. குறிப்பு: ரா.?

லேப்டாப்பை மூடக் கை நீட்டினேன், எட்டவில்லை.

மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இது யாரு சார், இத்தினி வாட்டி தேடியிருக்கீங்க? பெரிய கையா?"

ரா. முகவரியைப் படித்தான். ஒரு எழுத்து ஒரு எழுத்தாக, மெதுவாக. அப்புறம் குறிப்பைப் படித்தான். என்னைப் பார்க்கவில்லை.

"ரான்னா நான்தான் மேடம். இது என் அட்ரஸ். நானும் அதுல பணம் போட்டு ஏமாந்தவன். வெளிய சொல்லல."

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான்.

"மெஷின்கிட்ட நூத்தி நாப்பத்தி மூணு வாட்டி கேட்டிருக்கீங்க மாமா. என்கிட்ட ஒரு வாட்டி கேட்டிருக்கலாம்."

"நீ ஏன்டா சொல்லல?"

"ஈஸ்டர் அன்னைக்கு சாப்பிடும்போது என்னா சொன்னீங்க? இதுல பணம் போடறவன் படிச்ச முட்டாள்னு சொல்லி எல்லாரும் சிரிச்சீங்க. அக்காவும் சிரிச்சுது. நானுந்தான் சிரிச்சேன். அப்ப என் பணம் உள்ள இருந்துது."

இதை எழுத அவமானமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அப்போதும் நான் நம்பவில்லை. மாட்டிக்கொண்டவன் இப்படியும் பேசுவான் என்று ஓடியது. "அப்ப பதினொரு அட்ரஸ் எப்படி வந்துது?" என்றேன். மேடம் முன்னால்.

"எந்தப் பதினொண்ணு?"

ஏழாம் குடும்பத்தைத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினான். முகம் மாறியது. "நாளைக்கு லால்பேட்டை வாங்க" என்றான். மேடம் பட்டியல் வாங்காமலேயே போனார். வெள்ளிக்கிழமை வரை நேரம்.

செப்டம்பர் 24, புதன்

சிதம்பரத்திலிருந்து பஸ். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட் காலியாக இருந்தது. அவன் பின்னால் போய் உட்கார்ந்தான்.

ஜாஃபர் பாய் கடை. செல்போன் ரிப்பேர், ரீசார்ஜ், டிக்கெட், விசா காப்பி எல்லாம். ரா.வின் காலேஜ் நண்பனுடைய அண்ணன். ஐம்பது வயது இருக்கும். நான் கேட்கும் முன்னாலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

"தனித்தனியா அனுப்பினா ஃபீஸு ஜாஸ்தி சார். பதினோரு பேரும் சாவிய என்கிட்ட குடுத்தாங்க. நான் என் போன்ல ஏத்திக்கிட்டேன். சேத்து ஒரே தடவையா அனுப்பினேன். நம்ம தெருவுல ஒருத்தரு கரண்ட் பில்லு கட்டப் போனா பத்து வீட்டு அட்டையும் எடுத்துட்டுப் போறதில்லயா, அந்த மாதிரிதான்."

"வாராவாரம் திரும்பி வந்தது?"

"நம்பிக்கை வர்றதுக்கு கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் குடுத்தான் சார். அதப் பாத்துதான் இன்னும் போட்டோம். என்னுதும் அதுலதான் போச்சு. அல்ஹம்துலில்லாஹ், கை கால் நல்லா இருக்குது."

பதினொரு பேர் எழுதிய நோட்டை எடுத்துக் காட்டினார். எட்டாவது பெயர் ரா.

வெளியே வந்ததும் கேட்டேன். "சாவிய, பன்னெண்டு வார்த்தையையும், நீயே எழுதிக் குடுத்தியா? நீயா?"

"குடுத்தேன். அதையும் சேத்துதான் வெளிய சொல்ல முடியல. இத வெச்சு சோறு தின்றவன் நான்."

பைக் இதற்குத்தான் போயிற்று. பாஸ்போர்ட், பாய் துபாயில் ஒரு வேலை பார்த்துச் சொல்கிறேன் என்றதற்காக. போன வாரம் திங்கட்கிழமை பல் டாக்டர் என்று சொல்லி இங்கே வந்தது, பயந்துபோய்ப் புகாரில் பெயர் கொடுக்காமல் இருந்த ஆறு பேரைக் கையெழுத்துப் போட வைக்க. வக்கீல் வேலையை எடுக்கலாம் என்று பிடிவாதம் பிடித்தது எதற்கென்று நான் கேட்கவில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் நாலு வீட்டு கரண்ட் பில் என் போனிலிருந்துதான் போனது. அதில் ஒரு வீட்டுக்காரரோடு குப்பைத் தொட்டி விஷயமாக இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை, ஆனாலும் அட்டையைக் கொடுத்துவிட்டார். எங்கள் நாலு வீட்டையும் ஒரே குடும்பம் என்று யாராவது எழுதினால் நான் சும்மா இருப்பேனா? இதெல்லாம் தெரிந்தவன்தான் அந்த விதியை அப்படியே தூக்கிப் போட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

புழுக்கம். பகல் முழுவதும் ஆபீஸ்.

சேர்த்த குடும்பத்தைப் பிரிக்க வழியே இல்லை. தலைவர் எண்ணை மாற்றும்போது பழைய எண் போய்விடுகிறது. யார் யாரோடு எதற்காகச் சேர்ந்தார்கள் என்று நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. முதல் பரிமாற்றத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது.

புது ஏற்பாடு:
– முகவரி முகவரியாகவே இருக்கும். குடும்பம் அதன்மேல் ஒரு கருத்து மட்டும்.
– ஒவ்வொரு சேர்ப்புக்கும் காரணம், எந்தப் பரிமாற்றத்தால் என்று பதிவு.
– காரணத்தை எடுத்தால் சேர்ப்பும் போய்விடும்.

பிரிக்கும் பகுதியை ரா. எழுதினான். நாள் முழுக்க எங்களுக்குள் பேச்சு கோடுக்கு நடுவில் எழுதிய குறிப்புகளில்தான். 'இந்த வரி தேவையா?' 'தேவை.' 'சரி.' மூன்றரை மணிக்குப் பதினொரு பேரும் தனித்தனியாக நின்றார்கள். ஏழாம் குடும்பம் என்று ஒன்று இல்லை. அவன் எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தான். ஒன்றை என் பக்கம் நகர்த்தினான்.

செப்டம்பர் 26, வெள்ளி

பட்டியல் கொடுத்தாகிவிட்டது. மற்ற குடும்பங்களையும் புது ஏற்பாட்டில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததில் இருபத்து மூன்று பத்தொன்பதாகிவிட்டது. இன்னும் நாலு பேரை நான் யாரென்றே தெரியாமல் திருடனாக்கி வைத்திருந்திருக்கிறேன். ரா. பெயர் புகார் கொடுத்தவர்கள் பக்கத்தில், லால்பேட்டை ஆறு பேருக்குக் கீழே. மேடம் அவனிடம், "மொதல்லயே வந்து சொல்லியிருக்கலாம்ல தம்பி?" என்றார். தலையாட்டினான்.

திரும்பும்போது மன்னிப்பு கேட்டேன். பாலத்துக்குப் பக்கத்தில், லாரி ஹாரன் சத்தத்தில். காதில் விழாததுபோல் இன்னொரு முறை சொல்ல வைத்தான்.

"சரி மாமா. அந்த நூத்தி நாப்பத்தி மூணை மட்டும் எடுத்துடுங்க. நானே எடுக்கலாம். நீங்க எடுக்கணும்."

ஆபீஸ் வந்து அவன் பார்க்க எடுத்தேன். எண்ணிக்கை 0. குறிப்பு காலி. என் எலுமிச்சம்பழ சாதத்தில் பாதியை எடுத்துக்கொண்டான், முன்னெல்லாம் செய்வதுபோல. துபாய் போகிறாயா என்று கேட்டேன். "தெரியல."

ஷீ. இன்று என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். பேச்சு கொஞ்சம்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் பூசை. ரா. வரவில்லை. தலைவலி என்று அக்காவுக்கு மெசேஜ்.

மதியம் மழை வரும்போல இருட்டிக்கொண்டு வந்தது. ஷீ. தூக்கம். துணியை எடுத்து உள்ளே போட்டேன். செய்ய ஒன்றும் இல்லை. லேப்டாப்பைத் திறந்தேன். புது ஏற்பாடு சரியாகப் பிரிக்கிறதா என்று பார்க்கத்தான், வேறு ஒன்றுக்கும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பத்தொன்பதில் எதை வேண்டுமானாலும் போட்டுப் பார்த்திருக்கலாம். கை அவன் முகவரியைத்தான் போட்டது. பல் டாக்டர், டிக்கெட், தலைவலி. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் ஏதாவது வந்திருக்கிறதா, போயிருக்கிறதா?

ஒன்றும் இல்லை.

முதல் பக்கத்துக்கு வந்தேன். ரா. முகவரி, 1 முறை.

மறுபடி 0 ஆக்கிவிடலாம். ஒரு நிமிஷ வேலை. கை வைத்தேன், எடுத்துவிட்டேன். அவனுக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்க மாமா."

"மச்சான், ஒண்ணுமில்ல. பிரிச்சது சரியா இருக்கான்னு பாக்கறதுக்காக உன் அட்ரஸ..."

"தெரியும் மாமா. காலையிலேருந்து அந்தப் பக்கத்தைத் தொறந்து வெச்சிட்டுதான் உக்காந்திருக்கேன். எப்பப் பாப்பீங்கன்னு."